ஆமெனுக்கு முன் ஒரு மூச்சு

உங்களுக்கு,

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்கு நடுவில் கோபித்துக்கொண்டு கோயிலை விட்டு வெளியேறினேன் என்று இரத்தோட்டை முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். கடைசி ஆசீர் முடிந்து, கடைசிப் பாட்டின் கடைசி அடியும் முடிந்த பிறகுதான் பக்கத்துக் கதவால் வெளியே வந்தேன். பாட்டுப் பாடும்போதே குனிந்து குடையைத் தேடுகிறவர்களைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தேத்தண்ணிக்கு நிற்கவில்லை, அது உண்மை. தேத்தண்ணி பூசையில் சேராது.

மகள் வத்தளையிலிருந்து ஃபோன் எடுத்தாள்.

"அம்மா, நீங்க கோயில்ல ஃபாதரோட சண்டை போட்டீங்களாமே?"

"யார் சொன்னது?"

"குரூப்ல வந்துச்சு. மைக்கைத் தள்ளி விட்டீங்களாம்."

"மைக்கை நான் ஏன் தள்ளணும்? பாவம், அது என்ன செஞ்சது?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஆளுக்கொரு சிரிக்கிற படம் போடுறாங்க."

கடை நானாவும் விடவில்லை. சீனியை நிறுத்துக்கொண்டே, "டீச்சர், கோயில்ல ஸ்ட்ரைக்காமே? நம்ம பள்ளிவாசல் மைக்கும் ஒரு மாசமா கரகரங்குது. நீங்க வந்து ஒரு ஏச்சு ஏசினா சரியாகிடும்" என்றார். "முதல்ல உங்க தராசைச் சரியாக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேசட்டும். நடந்தது என்ன என்பதை நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. அது உங்களுடையது. உங்களைக் கேட்காமல் சொல்ல முடியாது.

இன்று காலை அலுமாரியைத் திறந்து உங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை எடுத்தேன். பூச்சி வராமலிருக்க நம் வேலியோரத்து மரத்துக் கராம்பைத் துணியில் முடிந்து உள்ளே வைத்திருந்தேன். மூன்று வருடமாகியும் காரம் போகவில்லை. சட்டையை விரித்து முகத்தில் வைத்துப் பார்த்தேன். கராம்பு மட்டும்தான் மணத்தது. உங்கள் வாசனை ஒரு துளியும் இல்லை. அப்படியானால் உங்களுடையது என்று இந்த ஊரில் உயிரோடு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்றுதான். அதைத்தான் இப்போது புதிய ஃபாதர் திருத்தச் சொல்கிறார்.

அது எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரியுமா தெரியாதா என்பதே எனக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

நான் கொன்வென்ட்டில் வளர்ந்தவள். எங்கள் சிஸ்டர் பூசையின் பதில்களை ஒரு பாடமாகவே நடத்துவார். "பதில் என்றால் உடனே. இழுத்துச் சொன்னால் அது பதில் இல்லை, சாக்கு" என்பார். பீடத்திலிருந்து வரும் கடைசி எழுத்து காற்றில் இருக்கும்போதே எங்கள் ஆமென் விழ வேண்டும். அந்தப் பழக்கத்தோடும் அந்தக் குரலோடும்தான் உங்களுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தேன். பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில் இடம் பிடித்தேன். சில வாரங்களிலேயே பெண்கள் பக்கம் முழுவதும் என் குரலைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்லப் பழகிவிட்டது. அதில் எனக்குப் பெருமை. இன்றும் பெருமைதான்.

நீங்கள் எதிர்ப்பக்கத்தில், ஆண்களோடு நிற்பீர்கள். தேயிலை ஃபெக்டரியில் என்ஜின் பார்க்கும் வேலை உங்களுக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். நாட்காட்டித் தாளைக் கிழித்துப் பின்புறம் எழுதித் தந்தீர்கள்: "என்ஜின் ஓடும்போது யாருக்கும் பேச முடியாது. எல்லோரும் என்னைப் போல ஆகிவிடுகிறார்கள்." வாசித்துவிட்டு நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். சிரிப்பு உங்களுக்கு ஒருபோதும் திக்கியதில்லை.

பேச்சுத்தான் திக்கும். 'அ'விலோ 'ஆ'விலோ தொடங்கும் சொல் வந்தால் தொண்டை பூட்டிக்கொள்ளும். 'ப'வும் கஷ்டம். 'ம' பரவாயில்லை. பிலோமினா என்ற நான் மினா ஆனது அதனால்தான். ஊர் அதைச் செல்லப் பெயர் என்று நினைத்தது. அது செல்லமில்லை, வசதி. செல்லமானது பிறகு. நீளமாகச் சொல்ல வேண்டியவற்றை எழுதித் தருவீர்கள். சண்டை வந்தால் நான் வாயால் போடுவேன், நீங்கள் பென்சிலால் போடுவீர்கள். "இப்படி முழிச்சுக்கிட்டு நிக்காதீங்க, எழுதித் தாங்க" என்று கத்திவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். சோறு வடித்து முடிவதற்குள் மேசையில் பதில் இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். திருத்துவேன். திருத்தும்போதே பாதிக் கோபம் போய்விடும்.

நான் வந்து இரண்டாவதோ மூன்றாவதோ ஞாயிறு அது. எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த அமைதிக்குள், ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது. "ஆ... ஆ..." பிறகு மூச்சு இழுக்கும் சத்தம். பிறகு "ஆமென்". முன்னால் நின்ற பொடியன்கள் தோளைக் குலுக்கிச் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு ஆள், "லாஸ்ட் பஸ் வந்துருச்சு" என்றான். அது அவர்களுக்குப் பழைய பகிடி என்பது சொன்ன விதத்திலேயே தெரிந்தது. நீங்கள் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். காது மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு இரக்கம் வரவில்லை. ஆத்திரம் வந்தது. என் புருஷனைப் பார்த்தா சிரிக்கிறீர்கள்?

அடுத்த ஞாயிறு நான் என் ஆமெனைப் பிடித்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். ஃபாதர் செபத்தை முடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொல்கிறவர்களும் திறக்கவில்லை. ஆண்கள் பக்கத்து ஆமென் விழுந்து ஓய்ந்தது, பெண்கள் பக்கம் சத்தமில்லாமல் நின்றது. அந்த அமைதியில் எதிர்ப்பக்கத்தில் நீங்கள் மூச்சு இழுப்பது கேட்டது. பல்லுக்கிடையில் காற்று போகிற சின்னச் சத்தம். அது முடிந்த இடத்தில் நான் "ஆமென்" என்றேன். பெண்கள் பக்கம் முழுவதும் என்றது. நீங்களும் என்றீர்கள், அதே நேரத்தில், தடங்கல் இல்லாமல். பலரோடு சேர்ந்து சொல்லும்போது உங்கள் நாக்கு நிற்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தனியாகத் தொடங்குவதுதான் உங்களுக்கு மலை.

யாரிடமும் நான் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பக்கத்து வரிசை ரீட்டா தானாகவே ஒரு விளக்கம் கண்டுபிடித்துப் பரப்பினாள்: "டீச்சர் ஒரு மூச்சு வாங்கிட்டுத்தான் சொல்லுவாங்க. கொன்வென்ட்டு பக்தி அது." பக்தி என்று சொன்ன பிறகு யார்தான் விடுவார்கள்? அந்த வருடம் முடிவதற்குள் ஆண்கள் பக்கமும் பழகிவிட்டது. லாஸ்ட் பஸ் என்று சொன்னவனும் நின்றுதான் சொன்னான்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. கல்யாணப் பூசைகளில் கண்டிச் சொந்தக்காரர்கள் முந்திக்கொண்டு ஆமென் சொல்லி, தங்கள் குரலைத் தாங்களே கேட்டுத் திடுக்கிடுவார்கள். பெரிய வெள்ளிக்குச் சிங்களச் சனமும் நாமும் ஒன்றாகக் கூடும்போது, அவர்கள் ஆமென் முதலில் வரும், நம்முடையது பின்னால் வரும். "நம்மட ஆமென் மலை ஏறி வருது டீச்சர், அதுதான் சுணங்குது" என்பாள் ரீட்டா.

நீங்கள் ஒருநாள் கோயிலிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதித் தந்தீர்கள்: "கோயிலில் மட்டும் எனக்குத் திக்குவதில்லை, கவனித்தாயா? கடவுள் அங்கே என் நாக்கைப் பிடித்துக்கொள்கிறார்." நான் வாசித்தேன். கடவுளும் பெண்கள் பக்கத்து ஆறு வரிசையும் என்று சொல்ல வாய் வரை வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க, கவனிச்சேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தத் தாளில் மட்டும் நான் பிழை திருத்தவில்லை.

கோயிலுக்குப் போய் உனக்கு என்ன கிடைத்தது என்று என்னிடம் கேட்டால், கேட்ட பிரசங்கங்களில் ஒன்றைக்கூட முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று சொல்வேன். நான் பொறுமைசாலி அல்ல. கல்யாணம் முடித்த புதிதில் உங்கள் சொற்களை எல்லாம் நானே முடித்து வைப்பேன். சாப்பாட்டு மேசையில் நீங்கள் "மினா, அ... அ..." என்றால், "அச்சாறா? இந்தாங்க" என்று சோற்றுக் கோப்பையில் போட்டுவிடுவேன். நீங்கள் சொல்ல வந்தது "அவசரமில்லை". பேசாமல் அச்சாற்றைத் தின்றீர்கள். அப்படி எத்தனை நாள் தின்றீர்களோ.

ஞாயிறு காலையில் உங்கள் மூச்சுக்காக வாய் மூடி நின்றவளுக்கு, ஞாயிறு பகல் சாப்பாட்டில் உங்கள் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்கக் கூச்சமாக இருந்தது. திங்கட்கிழமையும் தாங்கியது. புதன் ஆனால் மறந்துபோய் மறுபடியும் அச்சாறு. அடுத்த ஞாயிறு திரும்பவும் நிற்க வேண்டும். மறக்க மறக்கக் கோயில் என்னை மறுபடியும் நிறுத்தி வைத்தது. ஒரு வாரம் நல்லவளாக இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிட முடியாதபடி அடுத்த வாரமும் மணி அடித்தது. பல வருடங்களில் அந்த நிற்பு புதனைத் தாண்டியது. பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. கரும்பலகை முன்னால் விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் நிற்கும் பிள்ளையை முன்பெல்லாம் "சரி, போய் உட்கார்" என்பேன். பிறகு நின்றேன். பெரும்பாலும் விடை வந்தது. டீச்சர் மாறிவிட்டார் என்று சொன்னார்கள். மாறவில்லை, பழகிவிட்டேன்.

மகள் வீட்டுக்கு வத்தளைக்குப் போனபோது ஒன்று நடந்தது. நீங்கள் அப்போது இல்லை. உங்களுக்குத் தெரிய வழியில்லை. அங்கே பெரிய கோயில், பெரிய கூட்டம். ஃபாதர் செபத்தை முடித்ததும் எல்லோரும் பட்டென்று ஆமென் சொல்லி முடித்துவிட்டார்கள். அதன் பிறகு என்னுடையது தனியாக வந்தது. முன் பெஞ்சிலிருந்த பிள்ளை திரும்பிப் பார்த்தது. மகள் என் முழங்கையைப் பிடித்து, "அம்மா, லேட்டா சொல்றீங்க" என்றாள். என் காது சூடானது. அந்த ஒரு நிமிடம் நீங்களாக இருப்பது எப்படி என்று தெரிந்தது.

ஆனால் கேளுங்கள். அடுத்த ஆமெனுக்கு, எனக்கு வெகு தூரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம், இன்னொரு ஆமென் தாமதமாக வந்தது. என்னுடையதும் அதுவும் ஒன்றாக. பூசை முடிந்ததும் வாசலில் ஒரு பெண் கையில் பிள்ளையோடு நின்று வருகிறவர்களின் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "நீங்க இரத்தோட்டையா?" என்றாள்.

"ஆமா. நீ யாரு வீட்டுப் பிள்ளை?"

"ரீட்டா பெரியம்மாவோட தங்கச்சி மகள், டீச்சர். உங்க சத்தத்துலயே நினைச்சேன். இங்க வந்து இத்தனை வருஷமாச்சு, என்னால மாத்திக்கவே முடியல. எங்க வீட்டுக்காரர் ஏசுவாரு, உங்க ஊருல என்ன ஆமெனை டியூன் பண்ணியா சொல்லுவீங்கன்னு."

அவள் உங்களைச் சிறுவயதில் பார்த்திருப்பாள். உங்கள் மூச்சுக்காகத்தான் நிற்கிறாள் என்பது அவளுக்குத் தெரியாது. பிள்ளையும் அதைத்தான் பழகும்.

கடைசியாக உங்களுக்கு வீட்டில் நற்கருணை கொண்டுவந்தது பழைய ஃபாதர். "கிறிஸ்துவின் உடல்" என்று சொல்லிவிட்டுக் கையை அப்படியே வைத்திருந்தார். அங்கே சேர்ந்து சொல்லக் கூட்டம் இல்லை. அந்த ஆமெனை நீங்கள் தனியாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் மூச்சை இழுத்தீர்கள். சத்தம் வரவில்லை. மறுபடியும் இழுத்தீர்கள். மகள் என்னைப் பார்த்தாள், அம்மா நீங்க சொல்லுங்களேன் என்பது போல. வாழ்நாள் முழுவதும் ஊரில் எல்லோருக்கும் வாக்கியத்தை முடித்துக்கொடுத்தவள் நான். உங்களுடைய அந்த ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. ஃபாதர் கையை இறக்கவில்லை. கடைசியில் உங்கள் உதடுகள் 'ம'வில் வந்து மூடின. எங்களுக்கு அது போதும். ஃபாதருக்கும் போதும்.

உங்களை அடக்கிய பிறகு வந்த முதல் ஞாயிறு, செபம் முடிந்ததும் வழக்கம்போல எதிர்ப்பக்கம் காதைக் கொடுத்தேன். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும், ஆனாலும் நின்றேன். கோயில் முழுவதும் நின்றது. பிறகு சொன்னோம். அன்றிலிருந்து அப்படியே சொல்லி வருகிறோம்.

இப்போது வந்திருக்கும் ஃபாதர் சின்ன வயது, மன்னார்ப் பக்கம். நல்ல பிள்ளை, கையெழுத்தும் நன்றாக இருக்கிறது. கோயில் திருநாளுக்கு ஆயர் வருகிறார். போன வாரம் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இஞ்ச பதிலெல்லாம் ஒரு மாதிரி நிண்டு நிண்டு வருது. ஆயர் வாற நேரம் டக்கெண்டு வரவேணும். நீங்கள் மைக்கில உடன சொல்லுங்கோ, சனம் உங்களுக்குப் பின்னால வரும்" என்றார். சரி என்றேன். ஃபாதர் சொன்னால் செய்கிறவள் நான். அதோடு, அவர் சொன்னது எங்கள் கொன்வென்ட் சிஸ்டர் சொன்னதுதான். வீட்டுக்கு வந்து அடுப்படியில் ஃபாதரின் பங்கையும் நானே சொல்லி, உடனே ஆமெனும் சொல்லிப் பழகினேன். அழகாக வந்தது.

ஞாயிறு மைக் முன்னால் நின்றேன். முதல் செபம் முடிந்தது. உடனே சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லுக்கு முன் மைக்கில் ஒரு மூச்சுப் போனது. பல்லுக்கிடையில் காற்று போகிற சின்னச் சத்தம், கோயில் முழுவதற்கும் கேட்கும்படியாக. அது என் மூச்சில்லை. நான் அப்படி இழுப்பதே இல்லை. உங்களுடையது. எப்போது எனக்குள் வந்து குடியேறியதோ தெரியாது. அந்த மூச்சு முடிந்த இடத்தில் கோயில் முழுவதும் ஒரே குரலில் ஆமென் என்றது. ரீட்டா மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன். பூசை முடியும் வரை எல்லா ஆமெனுக்கும் அப்படித்தான் வந்தது. மைக்கை நான் தொடவேயில்லை.

முடிந்ததும் ஃபாதர் பீடத்துக்குப் பின்னறையில் என்னை நிறுத்தினார். கோபமில்லை.

"நான் உங்களைக் குறை சொல்லேல்ல, டீச்சர். ஆனா ஏன் அதில நிக்கிறியள்? ஒரு காரணம் இருக்கெண்டால் சொல்லுங்கோ, நான் அதில கை வைக்கமாட்டன். சும்மா வந்த பழக்கமெண்டால் திருநாளுக்கு முதல் மாத்துவம்."

நியாயமான பேச்சு. நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "வீட்டுல கேட்டுச் சொல்றேன், ஃபாதர்."

அவர் விழித்தார். நான் தனியாக இருப்பவள் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை வருடப் பழக்கம், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அங்கே நின்று தேத்தண்ணி குடிக்க என்னால் முடியவில்லை. பக்கத்துக் கதவால் வந்துவிட்டேன். ஊர் பேசுவது இதைத்தான்.

இப்போது என் சிக்கல் உங்களுக்குப் புரிந்திருக்கும். ஃபாதரிடம் காரணம் சொல்லாவிட்டால் திருநாளுக்கு முன் அந்த மூச்சைத் துடைத்துவிடுவார்கள். சனம் நல்ல சனம், சொன்னால் மாற்றிக்கொள்ளும். காரணத்தைச் சொன்னால் அது நிலைக்கும், ஆனால் ஊருக்கே தெரிந்துவிடும். கோயிலில் மட்டும் எனக்குத் திக்குவதில்லை என்று சட்டையைக்கூடக் கழற்றாமல் எழுதித் தந்தீர்களே, அது பொய் என்று ஆகிவிடும். அந்த ஒரு இடத்திலாவது நீங்கள் யாருக்கும் பாரமாக இல்லை என்று நினைத்திருந்தீர்கள். அதை உங்களிடமிருந்து எடுக்க எனக்கு என்ன உரிமை?

ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது. நீங்கள் படுக்கையில் விழுவதற்கு முந்திய வருடம், ஒரு ஞாயிறு, மூச்சை இழுத்துவிட்டு அதை அப்படியே பிடித்து வைத்தீர்கள். நான் நின்றேன். கோயில் நின்றது. பீடத்தில் ஃபாதரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். நீங்கள் நேராக என்னைப் பார்த்தீர்கள், வாயோரத்தில் ஒரு சிரிப்பு. பிறகுதான் மூச்சை விட்டீர்கள். வரும் வழியில், "என்ன அந்தப் பார்வை, கோயில்ல வச்சு?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினீர்கள். அன்றைக்கு எழுதித் தரச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்குத் தெரிந்திருந்ததா? நாங்கள் எல்லோரும் நின்றது உங்களுக்காகத்தான் என்று?

ஃபாதரிடம் சொல்லலாமா, வேண்டாமா? சட்டையை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். பென்சில் சட்டைப்பையில் இருக்கிறது, இன்றைய நாட்காட்டித் தாளையும் கிழித்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நான் அடுப்படிக்குப் போகிறேன். நீளமாக வேண்டாம், ஒரு வரி போதும். பிழையிருந்தாலும் பரவாயில்லை.

எழுதித் தாருங்கள்.

மினா